காலம் தாண்டும் கள்ளனைப் பொறியில் சிக்க வைக்க முடியுமா?

06.07.2024

எந்த வருடத்துக்கும் போய்வரத் தெரிந்த ஒரு போக்கிரியை ஆசைகாட்டி வரவழைத்துக் கொல்ல முடியுமா? முடியாது என்பது என் கட்சி. நாளைக்கு என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டு வருபவனுக்கு வலை எங்கே விரித்தாலும் தெரிந்துவிடும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், எனக்கு அவசரம்.

அவசரத்துக்குக் காரணம் அக்கா மகள். ஏழாம் வகுப்பு. ஒரு வருடமாக இரவு போனில் அவளுக்குக் கதை சொல்லி வருகிறேன். கதாநாயகன் பெயர் சுழியன். பாசிப்பருப்புப் பூரணத்தை மாவில் முக்கிப் பொரிப்பார்களே, அந்தச் சுழியனைத் தின்றுகொண்டே முதல் நாள் கதையை ஆரம்பித்ததால் வந்த பெயர். திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் தாமிரபரணியில் முங்குவான், வேண்டிய வருடத்தில் எழுவான். திருடுவான், பொய் சொல்வான், பெண்பிள்ளைகளிடம் அசடு வழிவான். சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிய பாலத்தை 1843-இல் திறந்தபோது கூட்டத்துக்குள் புகுந்து ஒரு துரையின் தொப்பியை அடித்துக்கொண்டு வந்தவன்.

சித்திரையில் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, எங்கள் பக்கத்தில் கொடை என்போம், போய் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டதிலிருந்து பிள்ளைக்குப் புதுப் பிடிவாதம். "பெரிய கதைன்னா ஆளு சாகணும் மாமா. சும்மா சாகக் கூடாது. ஏமாத்திக் கூட்டிட்டுப் போய்க் கொல்லணும்."

07.07.2024

விதிகளைக் கேட்டிருக்கிறார்கள். கழுத்தளவு தண்ணீர் வேண்டும். முங்கிய இடத்திலேயேதான் எழுவான். இடம் மாறாது, வருடம் மட்டும் மாறும். கையில் பிடித்திருப்பது கூட வரும். இவ்வளவுதான். இயந்திரம் எல்லாம் கிடையாது. இயந்திரம் வைத்தால் அவள் ரிப்பேர் பற்றிக் கேள்வி கேட்பாள்.

09.07.2024

கட்டபொம்மனும் கான்சாகிபும் (மருதநாயகம்) பெரிய வீரர்கள், அவர்களே சிக்கவில்லையா என்று ஒருவர். சிக்கினார்கள். கான்சாகிபு தொழுகையில் இருந்தபோது சொந்த ஆட்களே பிடித்துக் கட்டினார்கள், 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் தூக்கு. கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுக்க, 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. ஆனால் இருவருக்கும் மறுநாள் நடக்கப்போவது தெரியாது. என் ஆளுக்குத் தெரியும். கணக்கே வேறு.

14.07.2024

ஒரு வழி தோன்றியிருக்கிறது. கட்சி மாறுகிறேன்.

இவனிடம் பொய் சொல்ல வேண்டாம். உண்மையையே சொல்வோம், ஆனால் நம்மூர்க் கணக்கில் சொல்வோம். "சித்தார்த்தி வருசம் ஐப்பசி மாசம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில காவலே இருக்காதுடே, உள்ளே போயி அள்ளிக்கலாம்" என்று ஒருவன் காதில் போடுகிறான் என்று வையுங்கள். அது 1799. கட்டபொம்மனும் ஆட்களும் கோட்டையை விட்டுப் போய்விட்ட சமயம். ஆனால் பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும் அறுபது பெயர்தான், முடிந்ததும் மறுபடி பிரபவ. 1739, 1799, 1859, 1919, 1979 எல்லாமே சித்தார்த்திதான். பயல் 1859-க்குப் போனால் கோட்டை எங்கே இருக்கிறது? 1801-இல் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை தோற்றதும் இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தாயிற்று என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். பொட்டல் காட்டில் சாக்கும் கையுமாக நிற்பான்.

இன்னொரு வாய்ப்பு கொல்லம் ஆண்டு. எங்கள் பக்கத்துக் கல்வெட்டு, பழைய ஓலைப் பத்திரம் எல்லாம் அந்தக் கணக்குத்தான். 825-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம். கூட்டத் தெரியாதவன் போச்சு.

15.07.2024

கூட்டத் தெரியாதவன் நான்தான். நேற்று எழுதியதில் பாதி தப்பு. கொல்லம் ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. திருத்தியவருக்கு நன்றி, கொஞ்சம் மரியாதையாகவே திருத்தியிருக்கலாம்.

ஆனால் பாருங்கள், இதையே படித்து எழுதுகிற நானே ஒரு வருடம் சறுக்கினேன். பொறி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

19.07.2024

சொந்தக் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து பொங்கலுக்கு ஊருக்கு வர பஸ்ஸில் இடம் போட்டிருந்தேன். நள்ளிரவு தாண்டி 12:20-க்கு வண்டி, தேதி 13. நான் 13-ஆம் தேதி பகல் முழுக்கக் கடை கடையாக அலைந்து அம்மாவுக்குப் புடவை எடுத்து, ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரைக்கே போய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். வண்டி வந்தது. நடத்துநர் சீட்டை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். "சார், இது நேத்தே போயிட்டு சார்" என்றார். திருநெல்வேலிக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. கோபப்படக் கூட முடியவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் நாள் விடியும்போதுதான் மாறும். ஆச்சி வெள்ளிக்கிழமை பின்னிரவு மூன்று மணியைக் கூட வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்வாள். பஞ்சாங்கமும் அவள் பக்கம்தான், உதயத்திலிருந்து அறுபது நாழிகை ஒரு நாள்.

அந்த வருடம் பொங்கல் பானை பொங்கும்போது நான் விழுப்புரம் தாண்டவில்லை.

20.07.2024

நேற்றைய பொங்கல் பேச்சின் தொடர்ச்சி. தை பிறப்பது எப்போதும் ஜனவரி 14 என்று சுழியன் நம்பிப் போனால் அதிலும் அடி. சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். நம் சூரியக் கணக்கும் ஆங்கிலக் கணக்கும் எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. பின்னால் போகப் போகப் பொங்கல் முன்னால் போகும். 1863-இல் ஜனவரி 14-ஆம் தேதி பொங்கல் வீட்டில் திருட எழுந்தான் என்றால் கரும்புச் சக்கைதான் கிடைக்கும்.

21.07.2024

போனில் நாள்காட்டி ஆப் வைத்திருந்தால் என்று கேட்டவருக்கு: முங்கினால் போன் நனையும்.

28.07.2024

மூன்று வாரம் கட்டிய கோட்டையை ஒரே கேள்வியில் இடித்துவிட்டாள்.

நாள் கணக்கு, நாழிகைக் கணக்கு எல்லாம் சொல்லி, சுழியன் ஒரு நாள் பிந்திப் போய்ச் சிக்கப் போகிறான் என்று மேளம் கொட்டும் தோரணையில் நிறுத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பிந்திப் போனா என்ன மாமா? இன்னொரு தரம் முங்கி ஒரு நாள் முந்திப் போவாம்லா?"

போவான். பஸ்ஸைத் தவறவிட்டது எனக்குத்தான் இழப்பு. அவனுக்கு எந்த நாளும் தவறாது. தேதியை வைத்து இவனை அலைக்கழிக்கலாம், கேலி செய்யலாம், கொல்ல முடியாது. 14-ஆம் தேதிக் குறிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். அறுபது வருடச் சுற்றைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள், அது நன்றாக வந்திருக்கிறது.

04.08.2024

ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு. கூட்டம் சொல்லி முடியாது. உடம்பெல்லாம் காட்டுப் புழுதி.

பட்டவராயன், அதாவது முத்துப்பட்டன், சன்னதியில் செருப்புக் காணிக்கை கட்டித் தொங்கும். பல தடவை பார்த்ததுதான், இந்தத் தடவை நின்று பார்த்தேன். ஒரு ஜோடி என் பாதத்தைப் போல இரண்டு மடங்கு. அடித்தோலில் தையல் நெருக்கமாக, புது எண்ணெய் வாசனையோடு. பட்டன் ராத்திரியில் போட்டு நடப்பதால் தேய்ந்துவிடும் என்பார்கள்.

முத்துப்பட்டன் கதை தெரியாதவர்களுக்கு. பிராமணப் பிள்ளை, சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கப் படித்தவன். கல்யாண ராத்திரியே கெட்ட கனவு. அந்த நேரம் பார்த்து மாடுகளைக் கள்ளர்கள் ஓட்டிப் போகிறார்கள் என்று சேதி. போகாதே என்கிறார்கள், போகிறான். எல்லாரையும் வெட்டிச் சாய்த்துவிட்டு ஓடையில் ரத்தம் கழுவக் குனிகையில், ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்துகிறான்.

பஸ்ஸில் திரும்பும்போது இதேதான் நினைப்பு. பட்டனுக்குக் கனவில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் போனான். ஆக என் முதல் நாள் கட்சிக்கு ஆதாரமே இல்லை. தெரிந்தவன் சிக்க மாட்டான் என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் பாதிச் சாமி தெரிந்தே போனவைதான்.

ஆனால் பட்டனுக்கு மாடு, மாமனார், மானம். சுழியனுக்கு என்ன இருக்கிறது? எதற்காகப் போவான்?

05.08.2024

முத்து என்கிறாள். கொற்கை முத்து. பாடத்தில் வந்திருக்கிறதாம். எனக்குத் திருப்தியில்லை. முத்துக்காகச் சாகிறவன் சாதாரணத் திருடன்.

11.08.2024

முத்து வேண்டாம், ஆனால் கொற்கை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு போய் வந்தேன்.

பாண்டியன் துறைமுகம். கிரேக்க மாலுமிகள் குறித்து வைத்த ஊர். இப்போது போனால் வாழைத் தோட்டம், வயல், குளம், ஒரு பழைய வன்னி மரம். கடல் கிழக்கே சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டித் துறையைத் தூர்த்தது, தானும் தெற்கே ஒதுங்கிக்கொண்டது. கொற்கை தூர்ந்ததும் காயல் வந்தது. மார்க்கோ போலோ வந்தபோது ஓஹோ என்று இருந்த பழையகாயலிலும் இன்று துறைமுகம் இல்லை.

வரப்பில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. முங்கிய இடத்திலேயேதான் எழுவான். ஜூலை 7-இல் நானே எழுதிய விதி! அன்று துறையாக இருந்த இடத்தில் முங்கிப் பிற்காலத்தில் எழுந்தால் எங்கே எழுவான்? மண்ணுக்குள். என் காலுக்குக் கீழே, வாழை வேருக்கும் கீழே, நின்ற நிலையில். வாயைத் திறந்தால் வண்டல்.

டீ இறங்கவில்லை.

குறுக்குத்துறையிலேயே முங்கிப் பழகியவன். அங்கே முருகன் கோயிலை வெள்ளம் எத்தனை தடவை மூடினாலும் ஆறு ஆற்றிலேயே கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்தோம், வடிந்ததும் கோயில் இருந்த இடத்தில் இருந்தது. தண்ணீர் இருந்த இடம் தரையாகும் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

13.08.2024

கூடுதல் தகவல். முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் குறிப்பு ஒன்று, கொற்கையில் முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. அப்படியானால் சுழியன் அங்கே திருடி மாட்டினால் அவனுக்குத் தண்டனையே முங்குவதுதான்! சிரித்துக்கொண்டே படகில் ஏறுவான். காலில் கல்லைக் கட்டும்போது கூடச் சிரிப்பான்.

14.08.2024

தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் மண்டையில் குட்டுகிறார். முத்துச் சிப்பி கிடக்கும் பார் கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது, அங்கே முங்கினால் எந்த வருடமும் கடல்தான், உன் ஆள் தப்பித்துவிடுவான் என்கிறார். சரிதான். ஆகவே பாரில் அவன் முங்கும்போது காவல் கயிறு கையில் கட்டியிருக்கட்டும். கையில் பிடித்திருப்பதும் கூட வரும் என்பதால் கயிற்றோடு படகும் காவலாளும் வந்துவிடுவார்கள், அதனால் அங்கே செய்ய மாட்டான். திரும்பிவந்து துறையில் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் குதிக்கட்டும்.

கைக்கடிகாரத்தோடு எலும்புக்கூடு கிடைத்தது என்று முடிக்கலாமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வேண்டாம். முதுமக்கள் தாழி தோண்டிய ஆதிச்சநல்லூர் பக்கம் சுற்றிய எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், எனக்கும் தோன்றியது.

17.08.2024

ஆவணி 1. கொல்லம் 1200 பிறந்திருக்கிறது. 824 கூட்டிச் சரிபார்த்துக்கொண்டேன், 2024. திருத்தியவர் கவனிக்க.

ஆசை எது என்று கண்டுபிடித்துவிட்டேன். கொடை நோட்டீஸ்.

தாது வருடப் பஞ்சத்தில், 1877-இல், சுழியன் ஒரு கைம்பெண் வீட்டில் புகுந்து விதைக்கென்று அவள் பானையில் மூடி வைத்திருந்த ஒரு மரக்கால் கம்பை எடுத்துவிட்டான். அவனுக்கு அது விளையாட்டு. அவள் வம்சம் மறக்கவில்லை. அவன் ஒரே முங்கில் தாண்டிய 147 வருடத்தை அவர்கள் நாள் நாளாகக் கழித்து வந்தார்கள். கடைசியில் அந்த வீட்டுப் பையன் ஒருவன் குறுக்குத்துறைப் படியில் அவன் கையில் ஒரு மஞ்சள் நோட்டீஸைக் கொடுக்கிறான். "சுழியன் மாடன் கொடை விழா. சாமக் கொடையில் வில்லிசை." தன் பெயரில் சாமி, தன் கதை பாட்டு. போகாமல் இருப்பானா? தன்னைப் பற்றி ஊர் என்ன பாடுகிறது என்று கேட்க ஆசையில்லாத ஆள் உண்டா? நான் இந்த இழையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து பார்க்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

பாட்டில் "கொற்கைத் துறையிலே முங்கித் தப்பினான்" என்று பொய்யாகப் பாடிவிடுவார்கள். நம்பிப் போய்ச் சாவான். வருங்காலத்தை நம்பியவனை வருங்காலமே ஏமாற்றிவிட்டது!

25.08.2024

ஒரே வாரம்தான் தாங்கியது.

எங்கள் ஊரில் முப்பது வருடம் பக்கப்பாட்டுப் பாடிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். பல் எல்லாம் போய்விட்டது, குரல் போகவில்லை. கதையைச் சொன்னேன். சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் பொய்ப் பாட்டு என்றதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"கதைய மாத்திப் பாடுனா சாமி வராது டே."

"அவனைக் கொல்லத்தானே தாத்தா?"

"எதுக்கா இருந்தா என்ன? வில்லுக்கு முன்னால உக்காந்து பொய் பாடுறவன் கை வெளங்குமா? வேற வழி பாரு."

முகத்தில் சிரிப்பே இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

01.09.2024

வழி அவர் வாயிலிருந்தே வந்தது. நேற்று மறுபடி போனேன். சாவுக் கட்டம் பாடும்போது எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் கையைத் தரையில் தட்டிக் காட்டினார். வீசுகோல் நாணில் விழுகிற வேகம் கூடும், மணி எல்லாம் ஒன்றாகக் குலுங்கும், குடம் இரட்டிக்கும், அந்த நேரத்தில்தான் ஆடுகிறவர் மேல் சாமி வரும். வந்த உடனே நையாண்டி மேளம் எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் குலவை. "அதுக்கப்புறம் நாங்க பாடுறது எங்களுக்கே கேக்காது. ஆனா பாட்டை விட மாட்டோம்."

அவ்வளவுதான். யாரும் பொய் பாட வேண்டாம். வில்லில் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி உள்ளதை உள்ளபடி பாடுகிறார். கூட்டத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுழியன் உட்கார்ந்திருக்கிறான். கொற்கையில் சிக்கியது, காலில் கல் கட்டியது, எல்லாம் கேட்கிறான். "கொற்கைத் துறையிலே குதித்தான்" என்கிற வரி வரைக்கும் கேட்கிறது. அந்த வரியில் எதிரே ஒருவர் மேல் சுழியன் மாடன் இறங்கிவிடுகிறான். தன்னையே தன் கண்ணால் பார்க்கிறான். தீப்பந்தம், மேளம், குலவை. மிச்சப் பாட்டு அந்தச் சத்தத்தில் போய்விட்டது. குதித்தான், சரி, தப்பிவிட்டான் போலிருக்கிறது என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்புகிறான்.

எல்லாருக்கும் விபூதி பூசிவிட்டுக்கொண்டிருந்த கிழவி, "திருநீறு வாங்காமப் போறீரே" என்று கூப்பிடுகிறாள். நிற்கவில்லை.

03.09.2024

சொல்லி முடித்துவிட்டேன். ஒன்றே கால் மணி நேரம், இடையில் அக்கா இரண்டு தடவை போனைப் பிடுங்கப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை. அழுவாள் என்று நினைத்திருந்தேன்.

கேள்விதான் கேட்டாள். "அவன் மண்ணுக்குள்ளல்லா கெடக்கான். செத்தது பாட்டுக் கெட்டுனவங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

வாழைக்குக் குழி தோண்டியபோது எலும்பு வந்திருக்கும் என்றேன். விடவில்லை. அவன் எழ நினைத்தது 2024 என்றால், எலும்பு அதற்கு அப்புறம்தான் அங்கே வரும், அதற்கு முன்னால் பாட்டு எப்படி வரும் என்று மடக்கினாள். அரைமணி நேரம் முழித்தேன். அவளே வழி சொன்னாள். அவன் 2024-க்குக் கிளம்பவில்லை. தாது வருடத்துக்குக் கிளம்பினான். முத்தோடு. கம்பைத் திருப்பிக் கொடுக்க.

எனக்குப் பிடிக்கவே இல்லை. போக்கிரி கடைசி வரை போக்கிரியாகவே சாக வேண்டும், திருந்துகிற கள்ளனை நூறு படத்தில் பார்த்தாயிற்று. ஆனால் கணக்கு அவள் பக்கம். 1877-இல் கொற்கை வெறும் தரை. அங்கே புதைந்தால்தான் பிறகு ஒருநாள் மண்வெட்டியில் தட்டுப்படுவான், விரல் எலும்புக்குள் முத்து இருக்கும், ஊர் பயந்து பீடம் போடும், பாட்டுக் கட்டும், நோட்டீஸ் அடிக்கும். வேறு எந்த வருடத்தைப் போட்டாலும் இடிக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒப்புக்கொண்டேன். முத்து எத்தனை என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. அவள் ஏழு என்கிறாள். ஒரு மரக்கால் கம்புக்கு ஏழு ரொம்ப அதிகம் என்கிறேன் நான்.